விழா முடியும்வரை

ஸ்காபரோ
10.09.2023

அன்புள்ள தம்பி றொபேட்,

நீ போனை எறிந்துவிட்டுப் பார்க்டேலில் ஓர் அறைக்குள் புகுந்துகொண்டாய். கதவைத் தட்டினால் வேலைக்குப் போயிருக்கிறாய். ஒரே நகரத்தில் இருக்கும் தம்பிக்கு முத்திரை ஒட்ட வைத்துவிட்டாய், கெட்டிக்காரன்தான்.

அம்மாவுக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். வீட்டில்தான் வைத்திருக்கிறோம். நேர்ஸ் வந்து வலிக்கு ஊசி போட்டுவிட்டுப் போகிறார். அம்மா கண் திறந்தால் உன்னைத்தான் கேட்கிறார். நேற்று உன் அத்தான் டெனிஸ்டனின் கையைப் பிடித்து, "றொபேட்டே? சாப்பிட்டியே?" என்றார். அவர் ஓம் என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்று அழுதார். ஒருக்கால் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ.

உன் அக்கா,
அன்ரனெற்

பார்க்டேல்
17.09.2023

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவை நினைக்காமல் நான் படுப்பதில்லை.

நான் குடியை விட்டது உங்களுக்குத் தெரியும். எப்படி விட்டேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் சுஷி வெட்டும் கடையின் முதலாளி ஹயாமி ஐயா, ஜப்பானியரின் ஷின்டோ மார்க்கத்தில் பூசை செய்பவர். குசினிச் சுவரில் உயரத்தில் தெய்வத்துக்கு ஒரு மாடம் உண்டு. காலையில் சோறும் உப்பும் தண்ணீரும் வைப்பார். குடிவெறியோடு வேலைக்குப் போன என்னை அவர் ஏசவில்லை. கையையும் வாயையும் கழுவிவிட்டு வரச் சொன்னார். சின்ன வயதிலிருந்து சேர்ச்சில் பாவி, பாவி என்று நெஞ்சில் அடித்து வளர்ந்தவன் நான். இங்கே மனிதன் பாவியாகப் பிறப்பதில்லை. அழுக்குப் படிகிறது, கழுவினால் போகிறது. மீனையும் அதை வெட்டும் கத்தியையும் கும்பிட்டுவிட்டுத்தான் தொடுகிறோம். வாங்கி வாங்கிக் குப்பையில் போடும் இந்த ஊருக்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

ஒக்டோபர் 22 ஐயாவின் வீட்டில் அறுவடை விழா. இந்தமுறை படையல் தட்டை நான் ஏந்துகிறேன். சாவுத் தீட்டு உள்ளவர் அதைத் தொடக்கூடாது; கேள்விப்பட்டாலே தீட்டு என்று வாசித்திருக்கிறேன். இப்போது வந்து, நான் நிற்கும்போது ஏதும் நடந்துவிட்டால் எல்லாம் போய்விடும். அதனால் என்ன நடந்தாலும் விழா முடியும்வரை எனக்கு அறிவிக்காதீர்கள். மறுநாள் திங்கட்கிழமை கட்டாயம் வருவேன்.

தம்பி,
றொபேட்

ஸ்காபரோ
24.09.2023

தம்பி,

உன்னைக் குடியிலிருந்து மீட்ட மனிதரை நானும் கும்பிடுவேன். ஆனால் பெற்ற தாய் உனக்குத் தீட்டா? உன் பீத்துணியை அலசியபோது அவர் எந்த விழாவுக்கு நாள் பார்த்தார்?

அம்மாவுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. தெய்வத்துக்குப் படைக்கும் வேலை உனக்குக் கிடைத்திருப்பதால் வர முடியவில்லை என்றேன். "நல்ல விசயம்தானே. அவனைக் குழப்பாதை" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நான் இருந்தேன்.

இனிக் கொஞ்ச நாள்தான் என்கிறார் நேர்ஸ். கடைசியாகக் கேட்கிறேன், வா. வராவிட்டால் நீ கேட்டபடியே நடப்பேன்.

அக்கா

பார்க்டேல்
12.10.2023

அன்புள்ள அக்கா,

கோபம் தீர்ந்ததா? உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. வராததை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன். தட்டை மூச்சுப் படாமல் கண்ணுக்கு மேலே ஏந்தவேண்டும். தினமும் வெறும் தட்டோடு பழகுகிறேன். படைத்த சோற்றைப் பிறகு எல்லோரும் பகிர்ந்து உண்பார்கள். அம்மாவுக்கும் ஒரு பங்கு எடுத்துவருவேன். கஞ்சியாகக் கரைத்துக் கொடுத்தால் விழுங்குவார்தானே? நான் வருவதை இப்போதே சொல்லிவையுங்கள்.

உங்கள் தம்பி,
றொபேட்

ஸ்காபரோ
22.10.2023

றொபேட்,

இந்தக் கடிதத்தை உன் அத்தான் இன்றைக்கே கையில் கொண்டுவந்து தருவார். விழா முடிந்துவிட்டது, இனி அறிவிக்கலாம்.

அம்மா மூன்றாம் திகதி காலையில் போய்விட்டார். சனிக்கிழமை அடக்கம் செய்தோம். மகன் எங்கே என்று கேட்டவர்களுக்கு வேலை என்றேன். உன் மானத்தையும் நான்தான் காப்பாற்றவேண்டியிருந்தது.

இன்று ஹயாமி ஐயாவின் வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மா விட்டுக்கொடுத்த நாள் எப்படிப்பட்டது என்று பார்க்க ஆசைப்பட்டேன். எனக்குத் தீட்டல்லவா, கேற்றுக்கு வெளியே ரோட்டில்தான் நின்றேன். நீ வெள்ளை உடுப்பில் தட்டை ஏந்தி நடந்தாய். ஒரு சோறு சிந்தவில்லை. அழகாகத்தான் இருந்தாய், பாவி.

நீ உடை மாற்றப் போன நேரம், என் கறுப்புச் சட்டையைக் கண்டு ஹயாமி ஐயா ரோட்டுக்கு வந்தார். யார் என்று கேட்டார். சொன்னேன். தாய் படுக்கையில் இருந்ததையே நீ அவரிடம் சொல்லவில்லையாம். சொல்லியிருந்தால் அன்றைக்கே உன்னை அனுப்பியிருப்பாராம். தன் தாய் இறந்தபோது தெய்வத்தின் மாடத்துக்கு முன்னால் வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்துவிட்டு, பூசையில்லாமல் வீட்டோடு இருந்தாராம். "நாங்கள் காத்திருக்கச் சொல்வது தெய்வத்தை, தாயை அல்ல" என்று அந்த வயதான மனிதர் எனக்கு முன்னால் குனிந்து மன்னிப்புக் கேட்டார். செய்தியை உன்னிடம் தான் சொல்லட்டுமா என்றார். நான் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அவருடைய மார்க்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ அதில் உனக்கு வசதியானதை மட்டும் பொறுக்கிக்கொண்டாய்.

நாளைக்கு வராதே. நவம்பர் இரண்டு, முப்பத்தோராம் நாள் பூசைக்கும் வராதே. துக்கம் உனக்குக் கேள்விப்பட்ட நாளிலிருந்துதானே? அப்படியென்றால் உன்னுடையது இன்றைக்குத்தான் தொடங்குகிறது. எங்களோடு சேர்ந்து அழும் நாட்களில் நீ விழா செய்தாய். இனி உன் அறையில் இருந்து தனியே அழு.

அன்ரனெற்