பஸ் கம்பிக் கடிகாரம்

நீ செய்து கொடுத்த கடிகாரத்தில், நீ இருந்தவரைக்கும் எனக்கு மணி பார்க்கத் தெரியாது. மூன்று வருடம் கையில் கட்டிக்கொண்டு ஓசூர் முழுக்கத் திரிந்தேன். ஒரு நாள்கூடத் தெரிந்ததில்லை.

நாற்பத்தொன்பது வயதில், தொழிற்பேட்டையில் ஒரு ஸ்டோர்ஸ் முழுவதையும் கட்டி மேய்க்கிறவனுக்கு இதை எழுதிக்கொடுக்க வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்று காலை பாகலூர் ரோட்டு டீக்கடையில் ஒரு பெரியவர் என் மணிக்கட்டை எட்டிப் பார்த்து, "இன்னாங்க இது, வாட்ச்சா வளையலா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது.

நீ வாட்ச் கம்பெனியில் கடைசி மேஜைக்காரன். பெட்டிக்குப் போகுமுன் கடிகாரங்கள் உன் கண்ணில்தான் கடைசியாகப் படும். என்ன வேலை என்று நான் விவரமாகக் கேட்டதில்லை. ஊர்க்கதை பேசவே எனக்கு நேரம் போதாது. உன் கண் எப்படிப்பட்டது என்று மட்டும் தெரியும். ஷிப்ட் பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தே, "கண்ணாடிக்குள்ள ஒரு நூல் கீது பாரு" என்பாய். அவனே கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும்.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டுப் புத்தகத்தில் வினோதமான கடிகாரங்களாக வரைந்து தள்ளினாய். வாயால் ஊதினால் மட்டும் ஆவியில் எண் தெரியும் கடிகாரம். எட்டே மணி நேரம் உள்ள கடிகாரம்: ஷிப்டு ஏறும்போது நிறைந்திருக்கும், இறங்கும்போது காலியாகும். சானமாவுக் காட்டில் யானை ரோட்டுக்கு வந்துவிட்டால் தானே நின்றுகொள்ளும் கடிகாரம் ஒன்று. "எல்லா வண்டியும் நின்னுருச்சு, முள்ளு மட்டும் எங்கடா போவுது?" என்று கேட்டாய்.

கம்பெனியில் புது டிசைன் கேட்டார்கள் என்று ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினாய். "இதைப் பாத்து யாருங்க மணி சொல்லுவாங்க?" என்று திருப்பிவிட்டார்கள். அதையே பிடிவாதமாக வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் செய்து முடித்து, இதே டீக்கடையில் என் முன் வைத்தாய். முள் இல்லை, எண் இல்லை. ஊதா வட்டம், அதில் ஒரு சின்னக் கீறல், கீறலுக்குள் கொஞ்சம் மஞ்சள்.

"ஒரே ஒருத்தன் பாத்து மணி சொன்னா போதும்டா எனக்கு. சொல்லித் தர மாட்டேன். தானா புரியணும்."

உன் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை எழுதிய பையனின் தாயார் மாதிரி இருந்தாய். அரை நிமிடத்தில், "அட, புரிஞ்சிருச்சுடா!" என்று சொல்லிவிட்டேன்.

"மணி என்ன?"

உன் தலைக்கு மேலே கடைச் சுவரில் கடிகாரம் தொங்கியது. "அஞ்சே முக்கால்."

திரும்பிச் சுவரைப் பார்த்தாய். "சபாஷ்!" என்று தொடையில் தட்டினாய். பொய் சொன்னவன் சும்மா இருந்திருக்கலாம். நான் பாராட்டவும் ஆரம்பித்தேன். "இதெல்லாம் விடுடா, ஓரத்துல திருகுற குமிழுக்கு அடியில செவப்பா ஒண்ணு வெச்ச பாரு, டிசைன்லயே அதான் டாப்பு!" உனக்கு மூக்கில் டீ ஏறிவிட்டது. இருமி முடித்துச் சொன்னாய்: "அத மட்டும் எடுத்துராத. அதான் அதோட உசுரே."

பிறகு என் வாழ்க்கை போலீசுக்குப் பயந்தவன் வாழ்க்கை ஆகிவிட்டது. நீ எந்த நேரம் மணி கேட்பாயோ என்று, உன்னோடு உட்காரும் இடத்திலெல்லாம் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன். ஒருமுறை பெங்களூர் பஸ்ஸில், அத்திப்பள்ளியில் வண்டிகள் மாட்டி நின்றபோது, பக்கத்து அம்மாள் "டைம் எஷ்டு?" என்றாள். நீ உடனே "இவ்ரன்ன கேளி" என்று என்னைக் காட்டிவிட்டாய். முன் சீட்டுக்காரர் கைபேசியை எட்டிப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி, "ஹத்தூவரெ" என்று கன்னடத்திலேயே பத்தரை சொன்னேன். அவள் தன் போனை எடுத்துப் பார்த்து, "கரெக்டு" என்றாள். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். தோள் குலுங்கியது. சந்தோஷத்தில் அழுகிறாய் என்று எனக்கும் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் இவள் மட்டும் நம்பவில்லை. "மொதல்ல அது ஓடுதா?"

"நேத்தைக்கு இன்னைக்கு மஞ்சள் கூடியிருக்கு பாரு."

"டியூப்லைட்ட மாத்துனோம், அதான்."

போன வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை, நெஞ்சு வலி என்று உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்து உன் மனைவி அந்த நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். "எனக்கு இது ஒண்ணும் புரியலண்ணா. உங்க ஒருத்தருக்குத்தான் அந்த வாட்ச்சு பாக்க வரும்னு எல்லார்கிட்டயும் சொல்லிகிட்டே இருப்பாரு."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆளும் பொய். பொய்யை மெய் என்று நம்பியே நீ போய்விட்டாய் என்கிற நினைப்பு, சாப்பாட்டில் கல் மாதிரி கடித்துக்கொண்டே இருந்தது.

நோட்டைத் திறக்கவே எனக்குப் பல மாதம் ஆயிற்று. திறந்த பிறகு மூன்று நாள் விடவில்லை. உன் எழுத்து பாதி தெலுங்கு, பாதி தமிழ். கடைசியில் ஒரு ஓரத்தில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும் ஆள் படம். தூக்கிய கைக்கு விரல்தானே மேலே? அதனால் உன் கடிகாரத்தில் பன்னிரண்டு விரல் பக்கம், குமிழ் இருக்கும் இடத்தில். அங்கிருந்து கீறல் எங்கே நிற்கிறதோ அது மணி. கீறலுக்குள் மஞ்சள் எவ்வளவு நிரம்பியதோ அவ்வளவு நிமிடம். இவ்வளவுதான்! காலமெல்லாம் நின்றுகொண்டே ஷிப்டுக்குப் போனவன் மட்டும் யோசிக்கக்கூடிய கடிகாரம். படத்தில் அந்தச் சிவப்பு மட்டும் இல்லை. பிறகு சேர்த்திருப்பாய் என்று நினைத்தேன்.

கையை மேலே தூக்கினேன். கீறல் பத்தில். மஞ்சள் ஆறில் ஒரு பங்கு. பத்து பத்து! சுவரில் பத்தேகால். ஐந்து நிமிடம் என்ன பெரிய பிழை? சமையலறை வரை ஓடி இவளிடம் காட்டினேன்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதும் பத்து பத்து.

செல் போய்விட்டது என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். அவர் திறக்கக்கூட இல்லை. இடுக்கியால் அந்தச் சிவப்பைப் பிடுங்கி, குமிழை அழுத்தினார்.

"செல்லு நல்லா கீது சார். லாக்கே எடுக்கலியே நீங்க? பத்து பத்துல நிறுத்தி, கடைக்குப் போற வரைக்கும் ஓடாம இருக்க இத்த சொருகுவாங்க. ஷோகேஸ்ல பாத்ததில்ல?"

இப்போது ஓடுகிறது. தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி, யாரும் கேட்காமலே மணி சொல்லிக்கொண்டு போகிறேன். காலையில் அந்தப் பெரியவருக்கும் சொன்னேன், அவர் கேட்டது அது இல்லை என்றாலும். சிவப்புத் துண்டு பர்ஸில் இருக்கிறது.

போன ஞாயிறு நோட்டைத் திருப்பிக் கொடுக்க உன் வீட்டுக்குப் போனேன். கடைசி மேஜையில் உனக்கு என்னதான் வேலை என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"பெரிசா ஒண்ணுமில்லண்ணா," என்றாள் உன் மனைவி. "பெட்டிக்குப் போற வாட்ச்சுங்களுக்கு ஓரத்துல செவப்பா ஒண்ணு சொருகுவாரு. இருபத்தாறு வருஷமா அதேதான்."