கொப்பரை கொதித்த பிறகு

வெள்ளிக்கிழமை, ராத்திரி.

நேற்றுச் சாயப் பட்டறையில் பட்டு பிழியும் மெஷினைத் தொட்ட என் மைத்துனன் குமாரைக் கரண்ட் தூக்கி எறிந்தது. பிழைத்தான். லேசாக ஷாக் அடிக்கிறது என்று முன்பே இரண்டு எலக்ட்ரீஷியன்களை அழைத்தேன். பட்டறை லீவு நாளில் வந்து மீட்டர் வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்கள்.

இன்று செய்யாரிலிருந்து எலக்ட்ரீஷியன் ரேவதி வந்தாள். மீட்டர் அவளுக்கும் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் கிளம்பவில்லை.

"அண்ணா, சாயக் கொப்பரைய கொதிக்க வைங்க. எப்பவும் போடற உப்பு போடுங்க."

எனக்கு எரிச்சல்தான். வைத்தேன். ஆவி நிறைந்து கூரை சொட்டும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெயினை அணைத்து மீண்டும் அளந்தாள். மெஷினுக்குப் போகும், காலையில் நன்றாயிருந்த அதே ஒயரில் இப்போது கரண்ட் கசிவு!

கூரை மூங்கிலோடு ஒயரைக் கட்டியிருந்த கழிவுப் பட்டு நூலை ஒவ்வொன்றாக அறுத்தாள். ஒவ்வொரு கட்டின் அடியிலும் ஒயரின் உறை வெளுத்து வெடித்திருந்தது. மற்ற இடமெல்லாம் பளபளப்பு.

"சும்மா தண்ணி பட்டா காஞ்சிடும்ணா. இந்த நூலு ஈரத்தையும் உப்பையும் புடிச்சி வச்சிகினு இருக்குது. பிளாஸ்டிக்குள்ள மெதுவா எறங்கிடுச்சி."

இத்தனை வருஷம் உப்புப் போடுகிறேன், எனக்குத் தோன்றவில்லை. என்ன பொறுமை அவளுக்கு!

"யாருண்ணா கட்டினது? ஒண்ணுகூட நெகிழல."

நான் குனிந்து அறுந்த நூலைப் பொறுக்கினேன். முழங்கையில் கட்டுப் போட்டிருந்த குமார்தான் என்னைக் காட்டிப் பெருமையாகச் சொன்னான்:

"எங்க மாமா போட்ட முடிச்சு. லேசுல அவுக்க முடியாது."