சுழல் நாற்காலியும் இணைச்சீரும்

09.06.1994

பல்லடம் வட்டாரத் தாய்மாமன்களின் சக்கரவர்த்தியாகிய நான், இன்று அக்கா பங்காரம்மாவின் கோழிப்பண்ணைக்கு விஜயம் செய்தேன். மச்சான் காலமானபின் பண்ணையை நடத்துவது அக்கா மகன், என் மருமகன் மதன்குமார் என்று ஊரே சொல்கிறது. நடத்தும் அழகைக் கண்ணாரக் கண்டேன்.

முட்டை வியாபாரி வாசலில் வந்து விலை கேட்டார். மதன் சுழல் நாற்காலியிலிருந்து எழுந்து, "இருங்க, வாரேன்" என்று சமையலறைக்குப் போனான். அங்கே அவன் தங்கை நந்திதா தோசை சுட்டபடியே விலையைச் சொன்னாள். இவன் வெளியே வந்து அதைத் தேவலோகத்து அசரீரி போல அறிவித்தான். வியாபாரி குறைத்துக் கேட்டார். மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. பேரம் முடிவதற்குள் பையன் நடந்த நடைக்குப் பழனிக்கே பாதயாத்திரை போய்த் திரும்பியிருக்கலாம்.

"அந்தப் புள்ளையே வெளிய வந்து பேசினா என்னக்கா?"

"வயசுப்புள்ள வியாபாரிகிட்ட வாய் குடுத்தா நாலு பேரு என்ன பேசுவாங்க தம்பி?"

அந்த நாலு பேருக்கும் சோறு போடும் புண்ணியவான் யாரோ! வேறு வேலையே இல்லாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

10.06.1994

தீவனம், தடுப்பூசி, வேலையாட்கள் எல்லாம் நந்திதா பொறுப்பு. மதன் பொறுப்பு யமகா பைக். அதன் சத்தத்தில் மூன்று ஜில்லாக் கோழிகள் முட்டையை உள்ளேயே வைத்துக்கொள்கின்றன.

என் தறிக்குடோனில் அந்த அநியாயம் இல்லை. நூல் வாங்கும் விலை சமாச்சாரம் மகள் லோகப்பிரியாவுக்கு மட்டும்தான் தெரியும். குடோன், வரப்போகும் மாப்பிள்ளைக்கு. அந்த மகராசன் யாரென்று இன்னும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, ஆண்பிள்ளை அல்லவா!

14.08.1994

மதனுக்கு அன்னூரில் பெண் நிச்சயம். பண்ணை யார் பேரில் என்று சம்பந்தி வீட்டார் நயமாக விசாரித்தார்களாம். கல்யாணம் முடிந்ததும் மதன் பேருக்கு எழுதிவிடுவதாக அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

நந்திதா என்னிடம் வந்தாள். "ஏனுங்க மாமா, பாதி எம்பேருல இருக்கட்டும்னு அம்மாகிட்டச் சொல்லுங்களே."

கம்பீரமாகச் செருமினேன். "பாக்கலாம் கண்ணு."

ஆண்குலம் கண்டுபிடித்த ஆயுதங்களில் இந்தப் 'பாக்கலாம்'தான் தலையாயது. ரத்தமே வராது.

15.08.1994

அக்காவிடம் சொல்லவில்லை. பாக்கலாம்.

31.08.1994

விடிந்தால் முகூர்த்தம். இன்று மண்டபத்தில் இணைச்சீர். மாப்பிள்ளைக்கு இணையாக உடன்பிறந்தவள் நின்று செய்துகொள்ளும் சீர். அது இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணம் இல்லை. சீர் நடத்தும் அருமைக்காரர், "பொறந்த ஊட்டுல இவளுக்கும் பாத்தியதை உண்டுன்னு சபையறியச் சொல்றதுங்க இது" என்றார்.

நந்திதா நகரவில்லை. "பாத்தியதை உண்டுங்களா? அப்ப பண்ணையில பாதி எனக்குன்னு அம்மா இதே சபையில சொல்லட்டும். வந்து நிக்கறேன்."

நாதஸ்வரம் நின்றுபோனது. அக்கா அழுதாள். மதன் என்னைப் பார்த்தான். சக்கரவர்த்தி சும்மா இருக்கலாமா? "லோகப்பிரியா! நீ போய் நில்லு!" என்று கர்ஜித்தேன்.

மண்டபமே சிரித்தது. ஐயோ, அவள் மதனுக்குக் கட்டிக்கொடுக்கும் முறை! முறைப்பெண்ணைத் தங்கச்சியாக நிறுத்தப் பார்த்திருக்கிறேன்!

சிரிப்பு அடங்கவிடாமல் என் மகள் சொன்னாள்: "தங்கச்சி முறையா இருந்தாலும் நிக்க மாட்டனுங்கப்பா. தறிக்குடோன் யாருக்குன்னு மொதல்ல சொல்லுங்க."

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். சம்பந்தி வீட்டார் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினாள்: "பாதி உனக்குத்தான் அம்மணி! எல்லாரும் கேட்டுக்குங்க! வந்து நில்லு!"

நின்றாள்.

20.11.1994

பண்ணைக்குப் போனேன். பத்திரம் பதிவாகிவிட்டது. சுழல் நாற்காலியில் நந்திதா. எதிரே முட்டை வியாபாரி. மதன் உள்ளே போய் இரண்டு பேருக்கும் காப்பி கொண்டுவந்தான். அவன் நடை மட்டும் குறையவில்லை.

வீடு திரும்பியதும் பெருந்தன்மையோடு, "நாளைக்கு நூல் வியாபாரி வர்றாரு. நீயே உக்காந்து பேசு அம்மணி" என்றேன்.

"குடோன் எம்பேருலீங்களாப்பா?"

செருமினேன்.

"பாக்கலாமுங்க" என்று லோகப்பிரியா எழுந்து போய்விட்டாள்.

21.11.1994

வியாபாரி வாசலில். "இருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். லோகப்பிரியா தோசை சுடுகிறாள். விலை சொல்ல மாட்டேன் என்கிறாள். பத்திர ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?