ஏரிக்கரையில் வைத்த கத்தி

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கால்நடை நோய் ஆய்வகக் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. வாளி இரண்டுதான். மூன்றாவதற்குப் பழைய சாம்பார் பாத்திரம். நுண்ணோக்கிக்குப் பிளாஸ்டிக் தாள் போர்த்தினேன். முழங்கால் வலி, மழை என்றால் தவறாமல்.

பத்தரைக்கு போன். பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி, சித்தேரி மலையடிவாரத்து ஊர். இரண்டு நாளில் நான்கு செம்மறி. மேய்ந்துகொண்டிருந்தவை அப்படியே சுருண்டு விழுந்தனவாம். மூக்கில் ரத்தம், உறையவில்லை.

ஊர்ப் பெயரை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன். மாதையனைப் பார்த்தேன். பதினாறு வருஷமாக என் ஆய்வக உதவியாளர், நான் அறுக்கும்போது விலங்கின் காலைப் பிடித்துக்கொள்பவர். அவர் என்னைப் பார்க்கவில்லை. துடைத்து வைத்த பெட்டியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

மதியம் போனோம். ஆட்டுக்காரி பெயர் சின்னபாப்பா. ஐம்பது இருக்கும். புருஷன் இல்லை. மகனும் மருமகளும் கூட இருக்கிறார்கள். பட்டியில் முப்பது சொச்சம் ஆடு, அதுதான் ஜீவனம். செத்துக் கிடந்த ஆட்டின் காதுநுனியில் ஒரு சொட்டு ரத்தம், கண்ணாடித் துண்டில் தடவி எடுத்தேன். அவ்வளவுதான். கத்தி வைக்கவில்லை. இந்த முறை.

அவள் வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

"என்னம்மா கையில?"

"கொப்புளமுங்க. வலியெல்லாம் இல்ல. நடுவுல கருப்பாயிருச்சி."

"செத்த ஆட்டை அறுத்தியா?"

"மொத ஆட்ட மட்டுமுங்க. சூடு ஆறங்காட்டியும் அறுத்து ஏழு வூட்டுக்குக் கூறு போட்டோம். மண்ணுல போடவா முடியும்?"

இந்தப் பக்கம் திடீரென்று சாகும் ஆட்டுக்கு அதுதான் வழக்கம். வலிக்காத கொப்புளம், நடுவில் கருப்பு. துணியை அவிழ்க்கும் முன்பே தெரிந்துவிட்டது.

நவம்பர் 5, புதன்

நேற்றைய ரத்தத்துக்குச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். சதுர முனைக் குச்சிக் கிருமிகள், சங்கிலி சங்கிலியாக. சுற்றி இளஞ்சிவப்பு உறை. அடைப்பான், ஆந்த்ராக்ஸ். சந்தேகமே இல்லை.

போன்கள்:
- ஜே.டி.க்கு (எங்கள் இணை இயக்குநர்).
- சுகாதாரத் துறைக்கு. கறி வாங்கிய ஏழு வீடும் பார்க்கவேண்டும்.
- சின்னபாப்பாவை அரூர் பெரியாஸ்பத்திரிக்கு. மகன் வண்டியில் கூட்டிப்போனான்.
- தடுப்பூசி, சுண்ணாம்பு, குழி தோண்ட ஆள்.

அறிக்கைப் படிவத்தில் எல்லாம் நிரப்பிவிட்டேன், ஒரு கட்டம் தவிர. 'நோய் எங்கிருந்து வந்தது.'

எழுதிவிடுகிறேன். இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது.

போன வருஷம் பங்குனி. அதே ஊர், ஏரிக்கரை. ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தண்ணீர் தேடி மலையிலிருந்து இறங்கிய காட்டெருமை ஒன்று கரையில் செத்துக் கிடக்கிறது என்று கூப்பிட்டார்கள். தலை முள்புதருக்குள். மூக்கில் ரத்தமா என்று பார்க்க முள்ளை வெட்டவேண்டும். வெட்டவில்லை. முதலில் காதில் ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும். எடுக்கவில்லை. காட்டு விலங்குகளின் நுரையீரல் நோய் பற்றி ஒரு கட்டுரை பாதியில் நின்றது. எனக்கு அந்த நுரையீரல் வேண்டும், கெடுவதற்குள் வேண்டும். அவசரம் என்று எழுத வந்தேன். ஆசை என்பதுதான் சரி.

மாதையன் காலைப் பிடிக்க, வயிற்றைக் கிழித்தேன். மண்ணீரல் இரண்டு மடங்கு வீங்கி, தார் மாதிரி. அந்த நொடியே தெரிந்துவிட்டது. என் கை நின்றது. ரத்தம் நிற்கவில்லை, கரைச் சரிவில் இறங்கியது.

மூடிய உடம்புக்குள் இருக்கும்வரை அந்தக் கிருமி அழுகலில் தானே அழியும். காற்றுப் பட்டால் விதை மாதிரி ஓடு கட்டிக்கொண்டு மண்ணில் வருஷக்கணக்கில் படுத்துக் கிடக்கும். மழை வந்தால் மேலே வரும், புல்லோடு ஆட்டின் வாய்க்குப் போகும். முதல் வருஷ மாணவனுக்கே தெரியும். பயிற்சி வகுப்புகளில் மேசையைத் தட்டி "அறுக்காதே" என்று சொல்கிறவளே நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

ஆறடிக் குழி, சுண்ணாம்பு, எல்லாம் செய்தோம். அறிக்கையில் மட்டும் இப்படி எழுதினேன்: உடல் வன எல்லைக்குள் கிடந்தது, காட்டுப்பன்றிகள் வயிற்றைக் கிழித்திருந்தன. ஒன்றரை வரியில் இரண்டு பொய். கூட வந்த வனக்காவலர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். காட்டுக்குள் என்றதால் ஊர் தடுப்பூசிப் பட்டியலில் ஏறவில்லை. கரையில் யாரும் வேலி போடவில்லை. பழி பன்றி மேல். அது வந்து மறுக்கப்போவதில்லை.

கட்டுரை அச்சாகிவிட்டது. நன்றாக இருக்கிறது என்று நான்கு பேர் சொன்னார்கள்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில். ஊரில் தடுப்பூசி முகாம். மாதையன் ஆட்டைப் பிடிக்க, நானும் உட்கார்ந்து ஊசி போட்டேன். முழங்கால் போயே போச்சு. சின்னபாப்பா பட்டியில் மேலும் ஆறு செத்திருக்கிறது. எரித்தார்கள். அவள் இன்னும் அரூரில், படுக்கையில்.

பட்டிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் தன் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அல்லாம் அவளாலதாங்க. சந்தையில ரெண்டு கெடா புடிச்சாந்தா. அதுங்ககூட வந்த சீக்கு இது. கறியையும் குடுத்து எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கும் வர வெக்கப் பாத்தா."

"அப்படிச் சொல்லாதம்மா."

"பின்ன எப்படிங்க வந்துச்சு? நீங்களே சொல்லுங்க."

"பரிசோதனை நடக்குது" என்றேன். என்ன ஒரு வாய் எனக்கு.

இனி சின்னபாப்பா ஆடு ஏரிப் பக்கம் வரக்கூடாதாம். அவள் மருமகள் பொதுக்குழாயில் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். கண்ணால் பார்த்தேன்.

நவம்பர் 8, சனி

வாங்க வேண்டியவை: ஸ்லைடு ஒரு பெட்டி, சோப்பு, முழங்கால் தைலம், துவரம் பருப்பு.

மாதையனிடம் பேசிவிட்டேன். டீ குடிக்கும்போது, சுற்றி வளைக்காமல்.

"அந்தக் காட்டெருமைதானே மாதையா?"

டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு அன்னிக்கே தெரியுங்க மேடம்."

"ஏன் சொல்லல?"

"நீங்க பன்னின்னு எழுதுனீங்க. நீங்க எழுதுனதுக்கு மேல நான் என்னாங்க சொல்றது?"

கோபம் வந்தது, அவர் மேல். அது நியாயமில்லை என்று டீ ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது. பதினாறு வருஷமாக இவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவிட்டிருக்கிறேனா? இல்லை.

நவம்பர் 10, திங்கள்

ஜே.டி. அறையில் முக்கால் மணி நேரம். மின்விசிறிச் சத்தம். முழுவதும் சொன்னேன். நல்ல மனிதர், என்னைவிட ஆறு வயது இளையவர். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மேடம், ரிடையர் ஆக எட்டு மாசம். இப்ப எதுக்குப் பழசைக் கிளறணும்? தடுப்பூசி போட்டாச்சு. சந்தை ஆடுன்னே இருக்கட்டுமே. யாருக்கு நஷ்டம்?"

"சின்னபாப்பாவுக்கு."

"அந்தம்மாவை ஊர் ஒரு மாசத்துல மறந்துரும்."

மறக்காது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். என் நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது. வெட்கமாக இருந்தது. பயமாகவும்.

நவம்பர் 11, செவ்வாய்

திருத்தக் கடிதம். நான்கு தடவை கிழித்தேன். "கிழிக்கப்பட்டது" என்று வந்தது, "கிழித்தேன்" என்று மாற்றினேன். "தவிர்க்க இயலாத சூழலில்" என்று ஒரு வால் தானாக ஒட்டிக்கொண்டது. அடித்தேன். தவிர்த்திருக்கலாம். முள்ளை வெட்ட ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

புதிய அறிக்கையின் அந்தக் கட்டம்: ஏரிக்கரை மண். சென்ற ஆண்டு நான் அங்கே அறுத்த காட்டெருமையின் ரத்தம். கரைக்கு உடனே வேலி தேவை. சந்தை ஆடுகளுக்குத் தொடர்பில்லை.

நானே தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கினேன்.

நவம்பர் 13, வியாழன்

மேகம். மழை இல்லை. ஏரிக்கரையில் வேலிக்குக் கல் நட ஆரம்பித்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அவர்களிடமே சொன்னேன்: கெடாக்களால் இல்லை, என்னால் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண், "டாக்டருங்களே இப்படின்னா?" என்றாள், என்னிடம் இல்லை, பொதுவாக.

பிறகு சின்னபாப்பா வீட்டுக்கு. நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறாள். உயிருக்குப் பயமில்லை. மணிக்கட்டில் பெரிய கட்டு. இரண்டு விரல் மடங்கவில்லை. பட்டியில் இருபது ஆடு மிச்சம்.

"சின்னபாப்பா, போன வருஷம் கரையில் செத்த காட்டெருமையை அறுத்தது நான். அறுத்திருக்கக் கூடாது. அதனாலதான் உன் ஆடு செத்தது. உன் கையும்."

அவள் ஆச்சரியப்படவில்லை.

"நீங்க அறுத்தது தெரியுங்களே. நாந்தான் குடத்துல தண்ணி கொண்டாந்து உங்க கைக்கு ஊத்துனேன். மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன். தண்ணீர் நினைவிருக்கிறது. ஊற்றிய முகம் நினைவில்லை.

"மொத ஆடு உழுந்தப்ப எம் மருமவ சொன்னா, வேணாம் அத்தே, ரத்தம் ஒரு தினுசா இருக்குது, பொதைச்சிரலாம்னு. நாந்தாங்க கேக்கல. டாக்டரம்மாவே அத்தாம் பெரிய உருப்படிய நம்ம கண்ணு முன்னால அறுத்தாங்க, இன்னிக்கும் நல்லாத்தான இருக்காங்க, நமக்கு மட்டும் என்னா ஆவப்போவுதுன்னு சொல்லி அறுத்தேன்."

நான் கையுறை போட்டிருந்தேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விரல்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.