கௌரிப் பண்டிகைப் படம்

அக்கா,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இணையத்தில் படம்பிடிக்கும் பாடங்களைத் தேடித்தேடிப் படித்து, கௌரிப் பண்டிகையன்று ஜன்னல் வெளிச்சத்தில் நான் அம்மாவை எடுத்த படம் அது. கையில் சுமங்கலிகளுக்குக் கொடுக்கும் பாகின முறம், கன்னத்திலும் விரல்களிலும் தோல் நிறம் போன வெண்திட்டுகள், முகம் நிறையச் சிரிப்பு. நீ பெங்களூர் விடுதியில் உட்கார்ந்துகொண்டு, ஏதோ இணையக் கருவியில் அந்தத் திட்டுகளையெல்லாம் அழித்து, உன்னைப் பெண்பார்க்க வரும் ஹாசன்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறாய்.

அம்மா அதை அப்பாவின் போனில் பார்த்துவிட்டு, "யாருடீ இந்த மகராசி? உங்கப்பா ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கிட்டாரா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு முறத்தைத் துடைத்தபடியே சொன்னாள்: "அவங்க வர்ற ஞாயித்துக்கிழமை நான் உன் சித்தி வீட்டுக்குப் போயிடறேன். அம்மாவுக்கு ஜுரம்னு சொல்லிடு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தெருப் பெண்கள் எல்லாரும் அந்தக் கையால்தான் பாகினம் வாங்கிப் போனார்கள். உனக்கு மட்டும் அது ஆகாமல் போய்விட்டதா?

அப்பாவின் போனிலிருந்து உண்மையான படத்தை இப்போதுதான் அவர்களுக்கு அனுப்பினேன். அவர்கள் வந்தால் கதவைத் திறக்கப்போவது அம்மாதான். வராவிட்டால் என்னைத் திட்டிக்கொள். அவளைத் திட்டாதே.

கோபம் தீராத,
உன் தங்கை