லீனாவின் சீட்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே பேய்க்காற்று. பஸ் நிறுத்தத்தில் நின்ற பத்து நிமிடத்தில் தலையெல்லாம் பனியன் பஞ்சு. ஒன்பதரைக்குப் போன கரண்ட் பதினொன்றுக்கு வந்தது.

இன்றைய வேலை:
– குழந்தைகள் நைட் டிரஸ் சாம்பிள், கூரியர் (போனது)
– பட்டன்காரருக்குப் போன் (எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டார்)
– வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன், பெட்டி லிஸ்ட் (பாதி)
– அம்மாவுக்கு இருமல் மருந்து (மறந்தேன்)

மதியம் பேர் மாற்றினேன். நெட்டில் இருக்கிற அந்த நண்பர்கள் தளத்தில். செட்டிங்ஸ் போய், 'லீனா'வை அழித்து, 'எஸ்தர்' என்று அடித்து, சேவ். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இந்தத் திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இது ஒரு கூத்து. என் சீட்டில் யார் உட்கார்ந்தாலும் அவள் பேர் லீனா. ஆள் மாறுவது தெரிந்தால் ஜெர்மனிக்காரர்கள் பயந்துவிடுவார்களாம், கம்பெனி ஆட்டம் காண்கிறது என்று நினைப்பார்களாம். அதனால் மெயிலில் லீனா, சாட்டில் லீனா, நண்பர்கள் தளத்திலும் லீனா, படத்துக்கு ஒரு ரோஜாப்பூ. பாஸ்வேர்டு எல்லாம் கீபோர்டுக்கு அடியில் ஒட்டின துண்டுச் சீட்டில். ஏப்ரலில் சேர்ந்தேன். டீ கொண்டுவரும் ராமாத்தா அக்காகூட "லீனா, டீ" என்றுதான் வைக்கிறாள். வருகைப் பதிவேட்டில் மட்டும் நான் எஸ்தர்.

நேற்று கோயிலில் ஆராதனை முடிந்ததும் ஊரிலிருந்து சிநேகிதி சுகந்தி போன். "ஒன்னத் தேடித் தேடிப் பாத்தேன், நெட்டுல காணவே இல்லியேட்டி." ரோஷம் வந்துவிட்டது. மெயிலைத் தொட்டால்தான் சரக்கு வாங்குகிற பையருக்குத் தெரியும், அரட்டை அடிக்கிற தளத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மாற்றிவிட்டேன்.

சுகந்தி கண்டுபிடித்துவிட்டாள். சந்தோஷம்.


ஜூலை 8, செவ்வாய்

காற்று அப்படியே. கண்ணில் தூசி.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தளத்தைத் திறந்தால் ஹெல்கா மேடத்தின் செய்தி. ஹெல்கா, ஜெர்மனியில் நம் பையர் ஆபீசில் குவாலிட்டி பார்க்கும் அம்மாள். மெயிலில் எப்போதும் தையல் பிசிறு, அரை சென்டிமீட்டர் என்று அடித்துத் துவைப்பவர். இங்கே எழுதியிருப்பது: "என் லீனாவுக்கு என்ன ஆயிற்று? யாராவது அவள் பக்கத்தைத் திருடிவிட்டார்களா? எஸ்தர் யார்?"

என் லீனாவாம்! அந்த அம்மாள் இங்கே நட்பில் இருப்பதே எனக்குத் தெரியாது.

பத்து மணிக்கு மேனேஜர் பழனிச்சாமி சார் நேராக என் மேஜைக்கு. அவருக்கும் ஜெர்மனியிலிருந்து மெயில், லீனா உயிரோடு இருக்கிறாளா என்று. முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்மா, யாரைக் கேட்டுங்க பேரை மாத்துனீங்க?"

"சார், என் பேரைத்தான்…"

"உங்க பேரு உங்க ஊட்டுல இருக்கட்டுங்க. இந்தச் சீட்டுக்குப் பேரு லீனா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள மாத்தியாகோணும். இல்லீன்னா நாளைக்கு நீங்க வர வேண்டாமுங்க."

வேலையை விட்டுத் துரத்தும்போதும் 'ங்க'. எங்கள் தெற்குப் பக்கமாக இருந்தால் பாதி வார்த்தையை எழுத முடியாது.

போகிறவர் திரும்பி வந்தார். குரல் இறங்கிவிட்டது. "பழசெல்லாம் படிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"படிக்க வேண்டாம். நோட்டட்?"

நோட்டட் அவருடைய வார்த்தை. லேபிள் தப்பு என்றாலும் நோட்டட், மழை வருகிறது என்றாலும் நோட்டட்.

உடனே மாற்றப் போனேன். சிவப்பு எழுத்தில் வந்தது: ஒருமுறை மாற்றினால் முப்பது நாள் கழித்துத்தான் மறுபடி மாற்றலாம். நான்கு தடவை அழுத்தினேன். கேபினுக்குப் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வேலை போகவில்லை. ஏன் போகவில்லை என்றும் தெரியவில்லை.


ஜூலை 9, புதன்

மேகம். மழை இல்லை.

படிக்க வேண்டாம் என்றால் படிக்காமல் இருக்க நான் என்ன தேவதையா? சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அடியிலிருந்து படித்தேன். சோறு அப்படியே ஆறிவிட்டது.

ஹெல்கா எழுதியதும் லீனா எழுதியதும் பக்கம் பக்கமாக. முதலில் ஒரு லீனா, அவளுக்கு இரண்டு தம்பிகள். அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். எனக்கு முந்தின லீனா கோமதி, குன்னத்தூர்ப் பெண், பிரசவத்துக்காக வேலையை விட்டு, போகும்போது எனக்கு ஒரு வாரம் வேலை சொல்லிக் கொடுத்தவள். அவள் எழுதியதில் 'எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை'. அந்த அம்மாளுக்கு இது இடிக்கவே இல்லையா? இல்லை, இடித்தும் கேட்கவில்லையா?

போன வருடம் ஜனவரியில் ஹெல்காவின் அம்மா இறந்திருக்கிறாள். அந்த வாரம் லீனா எழுதியது. தப்பும் தவறுமான இங்கிலீஷ். எனக்குப் புரிந்தபடி இங்கே எழுதி வைக்கிறேன்:

"மேடம், அழுகை வந்தால் அழுங்கள். ஆபீசில் முடியாவிட்டால் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். போன மாதம் என் அம்மாவும் போய்விட்டாள். பானையைத் தோளில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றி, என் கையாலேயே நெருப்பு வைத்தேன். திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார்கள். போனேன். ஆனால் தினமும் திரும்பிப் பார்க்கிறேன்."

டப்பாவை மூடிவிட்டேன். எங்களில் பெட்டியில் வைத்து மண் போடுவதுதான், அப்பாவுக்கு அப்படித்தான் செய்தோம். குழாயைத் திறந்துவிட்டு அழுததும் உண்டு. எனக்கென்று யாரோ எழுதி வைத்தது போல இருந்தது.

இப்படி இரண்டு மாதம், நாள் தவறாமல். பிறகு திடீரென்று லீனா மாறிவிடுகிறாள், 'ஹாய் மேடம், ஹவ் ஆர் யூ' என்று.

கோமதியா இப்படி எழுதினாள்? அந்த ஒரு வாரமும் ஊரே கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தவளா?

நான்கு மணிக்கு ஹெல்காவின் புதுச் செய்தி: "வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனுக்கு நானே வருகிறேன். என் அம்மா போனபோது எனக்கு எழுதிய லீனாவின் கையை ஒருமுறை பிடிக்க வேண்டும்."

ராமாத்தா அக்கா டீ வைத்தாள், "என்ன கண்ணு, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கறே?" என்றாள்.


ஜூலை 10, வியாழன்

தூறல், ஐந்து நிமிடம்.

காலையில் கோமதிக்குப் போன். பின்னால் குழந்தை அழுகிற சத்தம். கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, நீங்கள் வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் வந்துபோக முடியுமா என்று கேட்டேன்.

"என்னங்க எஸ்தர் சொல்றீங்க? எங்கம்மா நல்லாத்தானுங்க இருக்குது. இப்ப எம்பையனுக்குத் தண்ணி வாத்துட்டு இருக்குது!"

"அப்ப இது…"

"நா சேந்தது போன வருசம் பங்குனியிலீங்க. அதுக்கு முன்ன ரெண்டு மாசம் சீட்டு காலிங்க. ஆமா, இன்னொருக்காப் படிங்க. கொடம் தூக்கிக் கொள்ளி வெச்சேன்னா போட்டிருக்குது?"

"ஆமா."

"ஏனுங்க, பொம்பளைங்க யாருங்க கொள்ளி வெக்கறாங்க? அது மகன் பண்ற காரியமுங்க. இதை எழுதுனது ஒரு ஆம்பளை."

அந்த வரியை மறுபடி படித்துப் பார்த்தேன். பிறகு கோமதியே மெதுவாக, "நா சேந்தப்போ சாருக்கு மீசை அரைகொறையாத்தானுங்க இருந்துச்சு. மொட்டை போட்ட தலையில முடி இன்னும் சரியா வளரலீங்க. அவங்கம்மா தவறிப் போயிருந்தாங்க."

போனை வைத்தேனா, அவளே வைத்தாளா, நினைவில்லை.

கேபின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சார், பட்டன் துளை போடும் காஜா மிஷின்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் சுவரில் மாலை போட்ட அவர் அம்மாவின் படம். மூன்று மாதமாகத் தினமும் பார்க்கிற படம்தான். லீனா, என் லீனா என்று ஒரு ஜெர்மன்காரி உருகினது இந்த நரைத்த மீசைக்காகவா! சிரிப்பு வரவேண்டியது, வரவில்லை.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார். "நாளைக்கு அந்தம்மா வர்றாங்க. நீங்கதான் லீனா. எஸ்தருங்கறது ஊட்டுல கூப்படற பேருன்னு சொல்லிக்கலாம். என்ன கேட்டாலும் தலையை ஆட்டுங்க. நோட்டட்?"

"அவங்கம்மாவைப் பத்திக் கேட்டா என்ன சார் சொல்ல?"

கையிலிருந்த அளவு டேப்பைச் சுருட்டினார். விரித்தார். மறுபடி சுருட்டினார்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் வேறொரு கம்பெனியில் செக்கிங். "ஒனக்கு என்னட்டி வந்துச்சு? பேசாம தலைய ஆட்டிட்டு வா. வேல போச்சுன்னா திரும்ப ஊருக்கா போவ?" என்றாள். பிறகு அவளே, "அந்த மனுசன் பாவம்ளா" என்றாள்.

எதை ஆட்ட? செத்துப்போன அம்மாவுக்காக ஒருத்தி கை நீட்டுவாள், நான் பொய்க்கு அதைப் பிடிக்கவா?

மருந்து வாங்கினேன்.


ஜூலை 11, வெள்ளி

நல்ல வெயில். காற்று நின்றுவிட்டது.

ஹெல்கா மேடம் குட்டையாக இருந்தார். ஏனோ உயரமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். வெள்ளை முடி, செருப்பில்லாமல் நடக்கிற மாதிரி சத்தமே இல்லாத நடை. சார் கேபினில் நாங்கள் மூன்று பேர் மட்டும்.

"மேடம், திஸ் இஸ் லீனா" என்றார் சார். என்னைப் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு ஜோடிக் கம்பளி சாக்ஸை எடுத்தார். பழுப்பு நிறம், கையால் பின்னியது, ஒரு காலில் குதிகாலுக்கு மேல் பின்னல் நின்றுபோயிருந்தது. அவர் அம்மா கடைசியாகப் பின்னியதாம். முடிக்கவில்லையாம். லீனாவுக்கென்று கொண்டுவந்திருக்கிறார். திருப்பூரில், இந்த வெயிலில், கம்பளி சாக்ஸ். என் முன்னால் நீட்டினார்.

என் கை மேலே வரவில்லை. தலையும் ஆடவில்லை.

"சாரி மேடம். நான் எஸ்தர். ஏப்ரலில்தான் வந்தேன். அந்தக் கடிதங்கள் நான் எழுதியதில்லை" என்று இங்கிலீஷில் சொன்னேன். வேலை போயிற்று என்று அந்த வினாடியே நினைத்துக்கொண்டேன்.

"ஆள் மாறுவது எனக்குத் தெரியும்" என்றார் ஹெல்கா. "எழுத்தைப் பார்த்தாலே தெரியாதா? அந்த இரண்டு மாதம் எழுதியது யார்? அதுமட்டும் சொல்."

எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நான் சொல்லக் கூடியதில்லை அது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாற்காலி நகர்ந்தது. சார் எழுந்து நின்றிருந்தார்.

"மேடம். மை மதர். தட் டைம், சீட் எம்ப்டி. யுவர் மெசேஜ் கம். ஐ ஒன்லி…" அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது.

ஹெல்கா மேடத்தின் வாய் திறந்தது திறந்தபடி. சாரை, சுவரில் இருந்த படத்தை, மறுபடி சாரைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. கத்தப் போகிறார் என்று பயந்தேன்.

"பானையைச் சுமந்தது நீங்களா?"

"யெஸ் மேடம்."

சாக்ஸை ஹெல்கா மேடம் சார் மேஜையில் வைத்தார். சார் கையைப் பிடிக்கவில்லை. நேராகக் கீழே இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போய்விட்டார். சாயங்காலம் வரை இருந்து, கழுத்து அளவு கூடியிருக்கிறதென்று மூன்று பெட்டியைத் திருப்பிவிட்டார். கிளம்பும்போது யாரிடமும் சொல்லவில்லை.

சார் அதற்குப் பிறகு கீழே வரவேயில்லை. பாத்ரூமில் குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்ததாம். ராமாத்தா அக்கா சொன்னாள், யாரோ மூடாமல் போய்விட்டார்கள் என்று.


ஜூலை 14, திங்கள்

மறுபடி காற்று. பஸ் லேட்.

வேலை இருக்கிறதா என்று தெரியாமலே வந்தேன். கீபோர்டுக்கு அடியில் பார்த்தேன். பாஸ்வேர்டு சீட்டு இருந்தது. உட்கார்ந்தேன்.

தளத்தைத் திறந்தால் ஹெல்கா. ஊர் போய்ச் சேர்ந்து எழுதியது. ஒரே வரி, எனக்கு: "எஸ்தர், அவருடைய பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். இங்கே எழுதச் சொல்."

கேபினுக்குப் போய்ச் சொன்னேன். நோட்டட் என்று சொல்லவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அவரே வந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்மா எஸ்தர்."

இந்தக் கட்டடத்தில் முதல் தடவை.

"அந்தப் பேரை எம்பேரா மாத்தறது எப்புடீன்னு சொல்லிக்குடுங்க."

"அதை மாத்த இன்னும் இருபத்து மூணு நாள் ஆகும் சார். புதுசா ஒண்ணு போட்டுத் தரட்டா?"

"வேண்டாமுங்க" என்றார். "அதுலதான் எங்கம்மாளைப் பத்தி எழுதியிருக்கறேன். காத்துட்டு இருக்கறேனுங்க, இருபத்து மூணு நாளு."