மடித்துத் தைக்க ஒன்றரை

ஜூன் 4

என்னை விட்டுப் போன கணக்கு டீச்சருக்கு,

நான் நலம். நீயும், என்மேல் உள்ள உன் கோபமும் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சண்டை வருகிறது, கடிதம் போதும் என்றாய். அதனால் நாற்பத்தேழு வயதில் தபால் பெட்டியைத் தேடி அலைகிறேன்.

நோய் பரவுகிறது என்று பள்ளியை மூடி இரண்டு மாதம். என் தையல் கடைக்கும் பூட்டு. எல்லோரும் கிழிந்ததைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் கிடக்கும்போது தையற்காரனை யார் தேடுவார்? மாடிவீட்டு கம்பவுண்டர் தன் மகனுக்கு அல்ஜீப்ரா சொல்லித்தரப் போனார். இப்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை.

நம் வாலு தினம் பத்துக் கணக்கு போடுகிறாள். தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன், திருத்தி அனுப்பு. பத்தாம் வகுப்பில் தவறினால் அவள் உன்னோடு வந்துவிட வேண்டும் என்ற ஒப்பந்தத்தை நானும் மறக்கவில்லை, அவளும் மறக்கவில்லை.

இன்னும் உன் கணவன்தான்

---

ஜூன் 11

வாலுவின் அப்பாவுக்கு,

பத்தில் ஆறு சரி. வட்ட மேஜை விரிப்புக் கணக்கில் ஆரம் 70 என்று தெளிவாகக் கொடுத்திருக்கிறது. அவள் 71.5 என்று எடுத்திருக்கிறாள். 15,400 வர வேண்டிய இடத்தில் 16,067. எங்கிருந்து வந்தது அந்த ஒன்றரை? அவளையே கேட்டு, அவள் கையாலேயே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். நான் போன் செய்தால் "படிக்கிறேம்மா" என்று வைத்துவிடுகிறாள்.

வாலுவின் அம்மா

---

ஜூன் 18

டீச்சரம்மாவுக்கு,

இரண்டு வரி கேட்டாய். "அம்மா கடுதாசியிலயும் மார்க் போடுவாங்கப்பா, நான் எழுத மாட்டேன்" என்கிறாள். யார் வயிற்றில் பிறந்தவள்! அதற்குப் பதிலாக இன்னும் பத்துக் கணக்கு அனுப்புகிறேன். கூம்பு, உருளை எல்லாம் உண்டு. பார்த்தால் எனக்கே தலை சுற்றுகிறது.

உன்னவன்

---

ஜூன் 25

இது அவள் போட்டதில்லை.

கையெழுத்தை நன்றாகவே பழகியிருக்கிறீர்கள். ஆனால் கூம்பு வடிவக் கூடாரத்துக்குத் துணி கேட்டால், அதிலும் ஒன்றரை சென்டிமீட்டர் கூட்டியிருக்கிறீர்கள். மடித்துத் தைக்க! பதினான்கு வருஷம் உங்கள் மிஷின் சத்தத்தில் விடைத்தாள் திருத்தியவள் நான். கணக்குப் புத்தகத்தில் இருக்கும் துணிக்கு ஓரம் அடிக்கப் பார்க்கிற ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

என் மகளுக்கு என்ன ஆயிற்று?

---

ஜூலை 1

உனக்கு,

பள்ளி மூடிய மூன்றாம் வாரம் அட்டைப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போனாள். "கடை தொறக்கிற வரைக்கும்தாம்ப்பா" என்றாள். தடுத்துப் பார்த்தேன் என்று முதலில் எழுதினேன். மேலே அடித்திருக்கிறேன் பார். தடுக்கவில்லை. அரிசி டப்பா அப்படி இருந்தது.

மே 22. அட்டை வெட்டும் மிஷின். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். நோயாளிகள் கூட்டத்தில் ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. கட்டுப் போட்டு அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

"அம்மாகிட்ட சொல்லாதப்பா, கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றாள். அவள் சொன்னதற்காகத்தான் மறைத்தேன் என்று சொல்லிக்கொண்டேன். பயம் எனக்குத்தான். நீ தாள்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை கிளம்பி வரமாட்டாய் என்று நினைத்தேன்.

புத்தகத்தைத் திறக்க மாட்டேன் என்கிறாள். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து, எட்டாம் வகுப்போடு நின்ற நான் கணக்குப் போட்டேன். பத்தில் ஆறு சரி என்று நீ எழுதியபோது கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். வெட்கங்கெட்டவன்.

வா.

---

ஜூலை 6

வாலுவின் அப்பாவுக்கு,

பயண அனுமதி கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வருகிறேன். அவளிடம் பேசினேன். நிறைய நேரம் அழுதாள். பிறகு, "அப்பா சாப்ட்டாரான்னு யாரும்மா கேப்பாங்க?" என்றாள்.

அவள் துணிகளை எடுத்து வையுங்கள். பொத்தான் வைத்த சட்டைகள் வேண்டாம்.

தேர்வுத் துறையில் விசாரித்துவிட்டேன். அவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளைத் தருவார்கள். சொந்தக்காரர்கள் கூடாதாம். நீங்களும் நானும் பள்ளிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அன்றைக்கு வருவதானால் வாருங்கள். அவள் வெளியே வரும்போது தேடுவாள்.

ஆனால் தெருவுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள்.

வாலுவின் அம்மா